சம்பந்தி வீட்டுச் சூடு

1

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரி வலப்பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் விண்ணப்பப் படிவங்களில் என் பெயரும் கையொப்பமும்தான். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததைத் திருத்த வேண்டாம்.

உங்கள் சஞ்சிகையை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை. இங்கே டேனிஷ் நாட்டில், ஓல்போர்க் நகரத்தில் இருக்கும் என் சம்பந்தி பரராசசிங்கம் அண்ணை ஊரிலிருந்து தபாலில் எடுப்பிக்கிறார். தான் வாசித்து முடித்து, பிடித்த இடங்களில் பேனையால் கோடு போட்டுவிட்டு எனக்குத் தருவார். போன இதழில், வெளிநாட்டில் இருப்பவர்கள் குளிரைப் பற்றி எழுதி அனுப்பலாம் என்று போட்டிருந்தீர்கள். அதற்கும் அவர் கோடு போட்டிருந்தார்.

குளிரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் வீட்டுக்குள் இருக்கும் சூட்டைப் பற்றி எழுதுகிறேன். அது எப்படி உண்டாகிறது, யாருடைய வீட்டுக்கு வருகிறது, யாருடைய வீட்டுக்கு வராமல் போகிறது என்று. இடையில் என் பொறாமையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2

நானும் மனைவி யோகமும் முதலில் இருந்தது ஸ்கீவ நகரத்தில், கொமூன தந்த ஒரு மாடிக் குடியிருப்பில். கொமூன என்றால் இங்கத்தைய நகரசபை. வீடு தருவதும் அதுதான், கடிதம் அனுப்பிப் பயப்படுத்துவதும் அதுதான்.

அந்த வீட்டில் ஒவ்வொரு யன்னலுக்குக் கீழும் விலா எலும்பு போல ஓர் இரும்புத் தட்டு இருந்தது. அதுதான் ரேடியேற்றர். உள்ளே சுடுதண்ணீர் ஓடும். இரும்பு சூடாகும், இரும்பைத் தொட்டுக்கொண்டு போகும் காற்றுச் சூடாகும். பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும், அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம். அதைத் தண்ணீர்க் குழாய் என்று நினைத்தோம். ஐந்தில் வைத்தால் நிறையச் சூடு வரும் என்று எல்லாவற்றையும் ஐந்தில் வைத்தோம். அப்படியும் மாரிக் குளிர் முழுக்க நடுங்கினோம்.

யோகம் யன்னலுக்கு நிலம் வரை தொங்கும் தடித்த சேலைத் திரை போட்டிருந்தாள். வெளியே போகிறவர்கள் உள்ளே பார்க்கக் கூடாதாம். மூன்றாம் மாடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? எங்களுக்குப் பாஷை படிப்பித்த டேனிஷ் ரீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். திரையைத் தூக்கி ரேடியேற்றரின் பின்பக்கம் கட்டிவிட்டார். குமிழைக் காட்டி, தன் மூக்கைத் தொட்டு, மணம் பிடிப்பது போலக் காட்டினார். எனக்கு டேனிஷ் விளங்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் குமிழ் தண்ணீர்க் குழாய் அல்ல. அது ஒரு மூக்கு. தன்னைச் சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு சூடு என்று அது பார்க்கும். திரைக்குள் அடைபட்டிருந்தால் அந்த இடம் சூடாக இருக்கும். வீடு முழுக்கச் சூடாகிவிட்டது என்று நம்பித் தண்ணீரை மறித்துவிடும். நாங்கள் வெளியே நடுங்கிக்கொண்டிருப்போம்.

ஐயா, இந்த மூக்கு விஷயத்தை ஞாபகம் வைத்திருங்கள். பின்னால் வரும்.

3

பிறகு மகள் சாருகா பிறந்தாள். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஸ்கீவவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் பழைய செங்கல் வீடு வாங்கினோம். பக்கத்து நகரத்துத் தொழிற்சாலையில் எனக்கு இறைச்சி பொதி கட்டும் வேலை. இன்றைக்கும் அதே வீடு, அதே வேலை.

வீட்டைச் சூடாக்க எங்களிடம் இருப்பது மரக்குச்சி எரிக்கும் கொதிகலன். யோகம் அதை அடுப்பு என்பாள். மரத்தூளை இறுக்கி மாட்டுத் தீவனம் போலச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கி மூட்டையில் விற்பார்கள். மூட்டையைத் தோளில் தூக்கிவந்து பெட்டியில் கொட்ட வேண்டும். பெட்டிக்குள் முறுக்காணி போல நீளமான ஓர் இரும்பு சுழன்று குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். டேனிஷ்காரர் அதை நத்தை என்பார்கள். அவ்வளவு மெதுவாக ஊரும். நெருப்பைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதிநிலைக்குக் கிட்டப் போகும், ஒரு பம்ப் அதை அறைகளுக்கு அனுப்பும், ஆறிய தண்ணீர் திரும்பி வரும். கிழமைக்கு ஒருமுறை சாம்பல் அள்ள வேண்டும். ரேடியேற்றருக்குள் காற்றுப் பிடித்தால் ஒரு சின்னத் திறப்பால் திருகிக் காற்றை எடுக்க வேண்டும். உஸ் என்று பாம்பு சீறுவது போலச் சத்தம் வரும்.

அந்த அடுப்பை எனக்கு நன்றாகத் தெரியும். குழாயில் கை வைத்தே தண்ணீர் எத்தனை பாகை என்று சொல்லுவேன். ஆனால் கடைசியாகக் கட்டிய குளியலறைக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். சின்ன வயதில் சாருகா குளித்துவிட்டு ஓடிவந்து அடுப்படியில் நின்று பற்களைக் கிட்டிக்கொண்டு திட்டுவாள். எப்போதும் டேனிஷில்தான்.

நான்கு வருடத்துக்கு முன் கொமூனவில் இருந்து கடிதம் வந்தது. கடிதம் என்றால் தாள் அல்ல, கம்ப்யூட்டருக்குள் வரும். சாருகாதான் வாசித்துச் சொன்னாள். எங்கள் கிராமத்துக்கு ஃபியேர்ன்வாம வரப் போகிறதாம். தூரத்துச் சூடு என்று அர்த்தம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய நிலையத்தில் வைக்கோலையும் மரத்தையும் எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, நிலத்துக்குக் கீழே குழாய் தாட்டு, வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் எரிக்கத் தேவையில்லை. மூட்டை இல்லை, சாம்பல் இல்லை.

சந்தோஷப்பட்டு யோகம் அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினாள். சாருகா கடிதத்தின் அடியில் இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்பா, சிவப்புக் கோடு மற்ற றோட்டோட நிக்குது. எங்கட வீடு வெளியில."

"எவ்வளவு வெளியில?"

"ரெண்டு வீடு தள்ளி."

கொமூனவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எட்டாவது ஆள் என்று காத்திருந்து, என் முறை வந்ததும் சொல்ல வைத்திருந்த டேனிஷ் சொற்கள் எல்லாம் மறந்துபோய், மன்னிக்கவும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மற்ற றோட்டில் குழி வெட்டினார்கள். குழாய் தாட்டார்கள். பனி கொட்டும்போது அந்தக் குழாய்க்கு மேலே மட்டும் சில இடங்களில் பனி சீக்கிரம் உருகும். வேலைக்குப் போகும்போது அதைப் பார்ப்பேன். அடுத்த வீட்டுக்காரனின் மனைவியைப் பார்ப்பதுபோல, பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

4

சாருகா ஓல்போர்க்கில் படித்து அங்கேயே வேலையும் எடுத்தாள். அங்கேதான் நிரோஷனைக் கண்டாள். நல்ல பிள்ளை. அவருடைய தகப்பன்தான் பரராசசிங்கம் அண்ணை. அவரும் என்னைப் போல அகதியாக வந்தவர்தான், ஆனால் ஊரில் ஏ எல் என்ற உயர்தர வகுப்பு வரை படித்தவர். இங்கேயும் படித்து, கந்தோரில் மேசைக்கு முன் இருந்து வேலை செய்கிறார். டேனிஷ்காரரோடு பகிடி விட்டுக் கதைப்பார்.

கலியாணப் பேச்சுக்காக முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது சப்பாத்தைக் கழற்றிக் கால் வைத்தேன். நிலம் சூடாக இருந்தது. ஊரில் மத்தியானம் சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நிற்பதுபோல இருந்தது. மற்றக் காலையும் வைத்துப் பார்த்தேன்.

"என்ன தம்பி, நிலம் சுடுதோ?" அவர் சிரித்தார். "இஞ்ச ரேடியேற்றரே இல்லை. முழுக்க நிலத்துக்குக் கீழதான். வாங்கோ காட்டிறன்."

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி, அதற்குள் காற்றாடி. புதுமனை புகுந்தபோது வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. ஹீற் பம்ப்.

"ப்ரிட்ஜ் தெரியும்தானே? உள்ளுக்க இருக்கிற சூட்டை எடுத்து வெளியில விடும். இது தலைகீழ். வெளியில இருக்கிற சூட்டை எடுத்து உள்ளுக்க விடும்."

"வெளியில ஏது அண்ணை சூடு? ஐஸ் கட்டியெல்லோ கிடக்கு."

"ஐசுக்கையும் சூடு இருக்கு தம்பி. எங்களுக்குத்தான் தெரியாது. இதுக்குள்ள ஒரு திரவம் ஓடுது. அது மைனஸிலயும் கொதிக்கும். குளிர்காத்துப் பட்டாலே ஆவியாப் போடும். அந்த ஆவியை மிசின் இறுக்கிப் பிழியும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப் சுடும்தானே? அதுமாதிரி. அந்தச் சூடு தண்ணிக்கு, தண்ணி நிலத்துக்கு." பிறகு என் தோளில் கை வைத்தார். "நீங்கள் இன்னும் மூட்டை தூக்கிறியளாம். முதுகு நாரி கவனம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு நெருஞ்சி முள் ஏறியதுபோல இருந்தது. உள்ளே வந்து பார்த்தேன். என் மகள் அவர்கள் வீட்டுக் குசினியில் காலுறை இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் இரண்டு காலுறை போட்டு, அதற்கு மேல் கம்பளிச் செருப்பும் போடுவாள். இங்கே வெறுங்கால். சொந்த வீட்டில் நடப்பதுபோல.

ஐயா, எனக்கு அவருடைய படிப்பில் பொறாமை வரவில்லை. டேனிஷிலும் வரவில்லை. அந்த நிலத்தில்தான் வந்தது.

5

கலியாணத்துக்குப் பிறகு, தங்களுக்கென்று வீடு வாங்கும்வரை பிள்ளைகள் அண்ணை வீட்டிலேயே இருந்தார்கள். சாருகாவுக்குப் பிள்ளை தங்கியது. எங்கள் வழக்கத்தில் தலைப்பிள்ளை தாய்வீட்டில். யோகம் முன்னுக்கே அறையைக் கழுவி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள் இடித்து, பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்தாள். நான் ஐம்பது மூட்டை அடுக்கி வைத்தேன். குளியலறைக் குழாயைச் சுற்றிப் பஞ்சு கட்டினேன்.

ஒக்ரோபர் மாதம் சாருகா தொலைபேசியில் சொன்னாள், டேனிஷில். தமிழில் சொல்லக் கஷ்டமான விஷயங்களை அவள் டேனிஷில்தான் சொல்லுவாள். ஆஸ்பத்திரி ஓல்போர்க்கில் கிட்ட இருக்கிறதாம். மாமி வீட்டில் சூடு எல்லா இடமும் ஒரே மாதிரியாம். எங்கள் குளியலறையில் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாதாம். கோபிக்க வேண்டாமாம்.

யோகம் போனை வாங்கிக் கேட்டாள். "தலைப்பிள்ளைக்கு ஆரடி மாமியார் வீட்டில கிடக்கிறது? ஊரில கேட்டாச் சிரிப்பினம்."

"அம்மா, ஊர் எங்க, நான் எங்க?" இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

நான் போய் அடுப்படியில் இருந்தேன். நத்தை சுற்றிக்கொண்டிருந்தது.

பிள்ளை குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தி, டிசம்பர் தொடக்கத்தில் பிறந்தது. பெண் குழந்தை. ஒரு கோழிக்குஞ்சு அளவுதான். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அப்போது சம்பந்தியம்மா புவனா அக்கா ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை சுகமாக வந்து, முப்பத்தொன்றாம் நாள் பிறப்புத் தீட்டான துடக்குக் கழிந்ததும், சாமிக்கு ஒரு மண்டலம் அணையாமல் விளக்கு வைப்பதாக. முப்பத்தொன்றும் அவர்கள் வீட்டில்தான் நடந்தது. எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். பிள்ளையை நிலத்தில் பாய் போட்டுப் படுக்க வளர்த்தியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்த விளக்கு ஏற்றினார்கள். கண்ணாடிக் கூடு போட்ட நல்லெண்ணெய் விளக்கு. கூடத்து மூலையில் சாமிப் படத் தட்டு. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

6

இரண்டு கிழமைக்குள் சாருகாவின் குரல் மாறியது. வீடு குளிர்கிறதாம். நிலம் பச்சைத் தண்ணீராம். கம்பனியில் இருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு மிசினில் பிழையில்லை என்று போய்விட்டானாம். கொமூனவில் இருந்து பிள்ளையை நிறுக்க வரும் தாதி சூடளக்கும் கருவியை நிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இது போதாது என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையாக எழுதுகிறேன். பாயாசம் குடித்ததுபோல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானும் யோகமும் ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி ஓல்போர்க்குக்குப் போனோம். சப்பாத்தைக் கழற்றினேன். நிலம் குளிர். புவனா அக்கா வீட்டுக்குள் கம்பளிக் கோட்டோடு நின்றார். பரராசசிங்கம் அண்ணை என்னை நேரே மிசின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பாருங்கோ தம்பி, வீடு இருபத்தஞ்சு பாகை எண்டு எழுதிக் கிடக்கு. இலக்கம் பொய் சொல்லுமே? நான் நடுங்கிறன், இது இருபத்தஞ்சு எண்டுது."

"கம்பனிக்காரன் என்ன சொன்னவன்?"

"அவன் வரேக்க இருபதுதான் காட்டினது. எல்லாம் சரி, நிலம் ஆறுதலாத்தான் சூடாகும், ரெண்டு நாள் பொறுங்கோ எண்டான். அவன் போன பிறகு பழையபடி இருபத்தஞ்சு. அவனைக் கண்டா மிசின் பயப்பிடுது போல."

கூடத்துக்கு வந்து எல்லோரும் இருந்தோம். அப்போதுதான் கண்டேன். சாமித் தட்டுக்கு மேலே, முருகன் படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில், சுவரில் நெருப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சாண் கீழே விளக்கு, இரவு பகலாக எரிகிறது.

அதுதான் மூக்கு. வீட்டின் மூக்கு. விளக்கின் சூட்டை மணந்து, வீடு முழுக்க வெந்துபோய்விட்டது என்று மிசினுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முந்தியெல்லாம் பின்னேரத்தில் அரை மணித்தியாலம் எரியும் விளக்கு. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மெதுவாகக் கேட்டேன். "அக்கா, கம்பனிக்காரன் வரேக்க விளக்கு இதிலயோ இருந்தது?"

"ஐயோ, இல்லை. அவையள் சப்பாத்தோட வருவினம். நெருப்பைக் கண்டா அணைக்கச் சொல்லியும் போடுவினம். வருவான் எண்டு சொன்ன நேரமே பக்குவமாத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினியில வைச்சிட்டன். பிறகு போன உடன இதில வைச்சனான். அணைய விடேல்லை."

எல்லாம் பொருந்திவிட்டது. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் எங்கள் சேலைத் திரை கண்முன் வந்தது. ஒரு வார்த்தை போதும். விளக்கை இரண்டு முழம் தள்ளி வையுங்கோ அக்கா என்று சொன்னால் போதும்.

"உங்களுக்கு என்ன தோணுது தம்பி?" பரராசசிங்கம் அண்ணை கேட்டார். "நீங்கள் அடுப்போட பழகின ஆள்."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு விஷயத்தை அறியக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன்: "எனக்கு உந்த மிசினைப் பற்றி ஒண்டும் தெரியாது அண்ணை. எங்கட வீட்டில அடுப்பு எரியுது. மிசின் திருந்தும் மட்டும் பிள்ளையை நாங்கள் கொண்டுபோறம்."

நான் கூச்சப்படுகிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். அன்றைக்கு இந்தப் பொய் மட்டும் தடக்குப்படாமல் வந்தது.

7

பேத்தியும் சாருகாவும் பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். நான் வேலையில் லீவு எடுத்தேன். அடுப்பை ஒரு நிமிடமும் தளர விடவில்லை. எல்லா ரேடியேற்றரிலும் காற்று எடுத்தேன். குளியலறையை விட்டுவிட்டு, அடுப்படியிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டப் பெரிய பேசின் வாங்கினேன். யோகம் கால்களை நீட்டி, அதில் பிள்ளையை வளர்த்தி, மூக்கைப் பிடித்து, நெற்றியைத் தடவிக் குளிப்பாட்டுவாள். நான் துவாயை ரேடியேற்றரில் போட்டுச் சூடாக்கிக் கொடுப்பேன். நத்தை சுற்றும் சத்தம் கேட்டால் பிள்ளை அழுகையை நிறுத்தும். இது நான் கட்டிச் சொல்வதல்ல. சாருகாவும் கண்டாள்.

"அப்பா, அவளுக்கு உங்கட அடுப்பு விருப்பம் போல," என்றாள். தமிழில் சொன்னாள்.

நான் அப்படியே இறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் அவள் எங்கள் வீட்டில் காலுறையோடுதான் நடந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் காலைத்தான் பார்த்தேன். அடுப்பை இன்னும் இரண்டு பாகை கூட்டினேன். காலுறை கழலவில்லை.

பன்னிரண்டாம் நாள் பரராசசிங்கம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். வழமையாகச் சாருகாவுக்குத்தான் எடுப்பார்.

"தம்பி, பிள்ளை சூடா இருக்கிறாளோ?"

"ஓம் அண்ணை. நல்லா இருக்கிறா."

"அது போதும்." "இஞ்ச புவனாதான்... சாப்பாடு இல்லை. நேர்த்தியில தான் ஏதோ குறை விட்டிட்டனாம், அதுதான் சாமி பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிப்போட்டுதாம். துடக்குக் கணக்கு ஒருநாள் பிழைச்சிட்டுதோ எண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறா. கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த விளக்குக்கு முன்னால அப்பிடியே இருக்கிறா. குளிருக்க இருக்காதை எண்டாலும் கேட்கிறா இல்லை. கம்பனிக்காரன் ரெண்டாம்தரமும் வந்து பிழையில்லை எண்டிட்டான். எனக்கு டேனிஷ் தெரிஞ்சு என்ன பிரயோசனம் தம்பி? என்ன கேட்கிறது எண்டு தெரியேல்லையே."

நான் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பேசின் சுவரோடு சாய்ந்திருந்தது. ஒரு பெண் என்னுடைய வாய்க்குள் இருந்த ஒரு சொல்லுக்காகப் பட்டினி கிடக்கிறாள். அதுவும் என் பேத்திக்காக வைத்த விளக்குக்கு முன்னால்.

8

மறுநாள் காலை நான் தனியாகப் போகலாம் என்று வெளிக்கிட்டேன். சாருகா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். மாமியைப் பார்க்க வேண்டுமாம்.

உள்ளே போனதும் புவனா அக்கா எழும்பிப் பிள்ளையை வாங்கினார். அவருடைய கை ஐஸ் மாதிரி என்று சாருகா பிறகு சொன்னாள். நான் சாமித் தட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

"அக்கா, இந்த விளக்கை அங்கால, அந்தச் சின்ன மேசையில வைப்பமோ? சாமிக்கு முன்னாலதான் இருக்கும். அணையாது."

"ஏன் தம்பி?"

வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். மூக்கு என்று சொன்னேன். எங்கள் திரைக் கதையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் கதைத்த ஆகக் கூடிய கதை அதுதான். நேர்த்தியில் குறையில்லை அக்கா, விளக்குச் சரியாகத்தான் எரிந்தது, இடம்தான் பிழை என்று சொன்னேன். புவனா அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

பரராசசிங்கம் அண்ணை ஓடிப்போய் மிசினைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கத்தினார். "இருபத்திரண்டுக்கு வந்திட்டுது! இருபத்தொண்டு! இறங்குதடா!" வெளியே வெள்ளைப் பெட்டியின் காற்றாடி சுற்றத் தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளங்காலில் ஒரு சின்ன வெதுவெதுப்புத் தெரிந்தது. சாயந்திரத்துக்குள் சாருகா காலுறையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள்.

அண்ணை போனில் எல்லோருக்கும் சொன்னார். "அஞ்சாம் வகுப்புப் படிச்ச மனுசன்! கம்பனி எஞ்சினியர் ரெண்டுதரம் வந்து கண்டுபிடிக்கேல்லை. இவர் வந்து ஒரே பார்வை, பிடிச்சிட்டார்." ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் தன் தமையனுக்கும் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் முதுகில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் நான் குறுகினேன்.

ஒரே பார்வை என்பது சரிதான். ஆனால் அந்தப் பார்வை அன்றைய பார்வை அல்ல.

புறப்படும்போது சாருகா கார் வரை வந்தாள். பனிக்குள் வெறுங்காலைச் சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்கள் போனமுறை வந்தபோதும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீங்கள்."

நான் கார்த் திறப்பைத் தேடினேன்.

"மாமியிட்ட விளக்கைப் பற்றியும் கேட்டீங்கள்."

"ஓம்."

அவள் டேனிஷுக்கு மாறவில்லை. நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தப் போகும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பேசின் உங்கட வீட்டிலயே இருக்கட்டும். சனிக்கிழமையில பிள்ளையைக் கொண்டுவாறன். ஆனா மாமாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொல்லமாட்டன்."

9

இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. சொன்னபடி அவள் பிள்ளையைக் கொண்டுவந்தாள். அடுப்படியில் குளிப்பாட்டினோம். போகும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு முறை போன் எடுத்தேன். அண்ணையின் குரல் கேட்டதும் பிள்ளையின் சுகம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவர் என்னை இப்போது எஞ்சினியர் என்று கூப்பிடுகிறார். நேரே சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் ஐயா இவ்வளவு தாளையும் நிரப்பினேன். அவர் உங்கள் சஞ்சிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். இதைப் போடுங்கள். பெயர்களை மாற்ற வேண்டாம்.

பரராசசிங்கம் அண்ணை, நான் முதல் நாளே கண்டேன். வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டேன். புவனா அக்கா பட்டினி கிடந்தது என்னால். மன்னிப்பீர்களோ தெரியாது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். இன்றைக்கும் உங்கள் நிலத்தில் கால் வைத்தால் எனக்கு அந்த முள் குத்தும். ஆனால் விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தும் இனிமேல் வாய் மூடியிருக்கமாட்டேன். வாசித்து முடித்துவிட்டு, வழமைபோல எனக்கு அந்த இதழைத் தாருங்கள். எந்த வரியில் கோடு போட்டிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

ஸ்கீவவுக்கு வெளியே, அடுப்படி மேசையில் எழுதியது.
பெப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை.